சாமர்ராவின் சம்பளப் பாக்கி: அப்பாசியப் படைக் கலகங்கள் (861–870)

861 டிசம்பர் முதல் 870 ஜூன் வரையிலான எட்டரை ஆண்டுகளில் ஈராக்கை மையமாகக் கொண்ட இஸ்லாமியப் பேரரசான அப்பாசிய அரசின் அரியணையில் இருந்த கலீபாக்கள் ஐவர். அவர்களுள் நால்வர் தம் படையினரால் நேராகக் கொல்லப்பட்டனர் அல்லது பதவியிறக்கப்பட்ட சில நாள்களிலோ மாதங்களிலோ கொல்லப்பட்டனர். எஞ்சிய ஒருவரான முன்தஸிர் ஆறு மாதமே ஆண்டு 862இல் நோயில் இறந்தார்; அவருக்கும் நஞ்சிட்டார்கள் என்ற பேச்சு அன்றே இருந்தது. முதவக்கில், முஸ்தயீன், முஅதஸ், முஹ்ததீ என்று ஒன்றையொன்று ஒத்து ஒலிக்கும் இப்பட்டப் பெயர்களை வாசகர் குழப்பிக்கொள்வது இயல்பே. ஆள்கள் மாறினாலும் அவர்கள் முன் வைக்கப்பட்ட கோரிக்கை மாறவில்லை என்பதால் அந்தக் குழப்பத்தால் பெரிய இழப்பும் இல்லை.

பாடநூல்கள் இக்காலத்தைத் துருக்கிய அடிமை வீரர்கள் தம்மை வாங்கி வளர்த்த எசமானர்களையே விழுங்கிய கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அக்கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கலகம் செய்தவர்கள் வாய்விட்டுக் கேட்டது என்ன என்று பார்த்தால், பெரும்பாலான இடங்களில் அது இத்தனை மாதச் சம்பளம் என்ற கணக்காகவே இருக்கிறது. 870இல் சாதாரண வீரர்கள் கலீபாவுக்கு அனுப்பிய ஒரு மனு, பணம் எங்கே ஒழுகுகிறது என்பதைத் திவான் எனும் அரசுக் கணக்கு அலுவலகத்தின் எழுத்தர்களே நாணும் துல்லியத்தோடு எடுத்துச் சொல்கிறது. அந்த மனுவை மையமாக வைத்து, சம்பளம் தடைப்பட்டது எதனால், ஒவ்வொரு கலகமும் அடுத்த பாக்கியை எப்படிப் பெருக்கியது என்று காண்பதே இந்த ஆய்வின் வேலை.

நகரமும் படையும்

கலீபா முஅதஸிம் (ஆட்சி 833–842) மத்திய ஆசியாவிலிருந்து விலைக்கு வாங்கிய துருக்கிய இளைஞர்களைக் கொண்டு தமக்கென ஒரு குதிரைப்படை அமைத்தார். பாக்தாதின் நெரிசலான சந்தைகளில் அவர்கள் குதிரைகளை விரட்டிக்கொண்டு போக, முதியோரும் குழந்தைகளும் மிதிபட்டார்கள். ஆத்திரமுற்ற மக்கள் தனியாகச் சிக்கிய வீரர்களைக் கொன்றார்கள். இந்தப் பகையிலிருந்து விலக 836இல் கலீபா தலைநகரையே பாக்தாதிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வடக்கே, தைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அதுதான் சாமர்ரா.

நகரைத் திட்டமிட்டதில் படையைத் தனிமைப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிகிறது. துருக்கியருக்குக் கர்க், தூர் முதலிய இடங்களில் தனிக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. எகிப்திலிருந்து வந்த மகாரிபா வீரர்களுக்கும், மத்திய ஆசியாவின் பெர்கானா, உஷ்ரூசனா பகுதிகளிலிருந்து வந்த வீரர்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. துருக்கிய வீரர்கள் உள்ளூர் மக்களோடு பெண் கொடுத்து வாங்கக் கூடாது. அவர்களுக்கு மனைவியராக அடிமைப் பெண்களை அரசே வாங்கிக் கொடுத்தது, அப்பெண்களுக்கும் படித்தொகை எழுதிப் பதிவேட்டில் ஏற்றியது. இந்த ஏற்பாட்டின் பொருளாதார விளைவைத்தான் நாம் இங்கே கவனிக்க வேண்டும். பாக்தாதில் வாழ்ந்த பழைய குராசானியப் படைவீரனுக்குச் சம்பளம் நின்றால் கடை, உறவு, மாமனார் வீட்டு நிலம் என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். சாமர்ரா வீரனுக்குத் திவானிலிருந்து வரும் காசைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அவன் வாழ்ந்த நகரத்துக்கும் அதே நிலைதான். கிணற்று நீர் ஆழத்தில் இருந்தது, உவர்ப்பாகவும் இருந்தது. குடிநீரைத் தோல்பைகளில் நிரப்பிக் கோவேறு கழுதைகளிலும் ஒட்டகங்களிலும் ஆற்றிலிருந்து ஏற்றி வந்தார்கள். தானியம் படகில் வந்தது. எல்லாவற்றையும் ரொக்கத்துக்கு வாங்க வேண்டிய ஊரில், ரொக்கச் சம்பளம் ஒன்றையே நம்பிய ஒரு படையைக் குடியமர்த்தியிருந்தார்கள்.

முதவக்கில் (847–861) காலத்தில் இந்த நகரத்தின் மேல் பணம் வாரி இறைக்கப்பட்டது. சுருள்படி ஏறும் மல்வியா கோபுரத்தோடு கூடிய பெரிய பள்ளிவாசல் அவர் கட்டியது. அதுவும் போதாமல் சாமர்ராவுக்கு வடக்கே தம் பெயரால் ஒரு புது நகரத்தை எழுப்பினார்; அதற்குச் செலவான தொகை 20 லட்சம் தினாருக்குக் குறையாது என்கிறார்கள். ஒரு தினார் நாலேகால் கிராம் பொன். இதற்கிடையே 858இல் தலைநகரைத் தமாஸ்கசுக்கு மாற்றப் பார்த்தார்; அங்கே போன படை சம்பளம் கேட்டுக் கூச்சலிட்டது; ஏறத்தாழ இரண்டு மாதத்தில் எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் வந்தவற்றுக்கு அது ஒரு முன்னோட்டம்.

முதவக்கிலின் கொலையை வீரர்களின் சம்பளக் கலகம் என்று சொல்ல முடியாது. அது தளபதிகளின் சொத்துத் தகராறு. இஸ்பஹானிலும் ஜிபாலிலும் வஸீப் என்ற துருக்கியத் தளபதிக்கு இருந்த பண்ணை நிலங்களைப் பறித்துத் தம் நண்பர் பத்ஹ் இப்னு காகானுக்குக் கொடுக்க கலீபா உத்தரவிட்டார். தகப்பனோடு மனங்கசந்திருந்த மூத்த மகன் முன்தஸிரும் தளபதிகளும் கைகோத்தார்கள். 861 டிசம்பர் இரவொன்றில், மது விருந்து நடந்துகொண்டிருந்த அறைக்குள் புகுந்த காவல் வீரர்கள் கலீபாவையும் பத்ஹையும் ஒருங்கே வெட்டிச் சாய்த்தார்கள். ஆனாலும் இந்த நிகழ்ச்சி சம்பளக் கணக்கில் ஒரு புதிய பத்தியைத் திறந்துவிட்டது. புதிய கலீபா பதவி ஏற்கும்போது பைஅத் எனும் விசுவாச உறுதிமொழி எடுக்கும் படையினருக்குப் பல மாதச் சம்பளத்தை ஒரே தடவையில் அன்பளிப்பாகக் கொடுப்பது மரபு. ஒரு தலைமுறைக்கு ஒரு முறை நேரும் செலவாக அது இருந்தவரை கருவூலம் தாங்கியது. எட்டரை ஆண்டில் ஐந்து பதவியேற்பு என்றால் எந்தக் கருவூலம் தாங்கும்?

சொந்த வயலை வெள்ளத்தில் ஆழ்த்திய போர்

முஸ்தயீன் (862–866) தளபதிகள் கூடிப் பொறுக்கி எடுத்த கலீபா. அவர் ஆட்சியின் தொடக்கத்தில் அதிகாரம் உதாமிஷ் என்ற துருக்கியரிடம் இருந்தது. கருவூலத்தில் அவருக்கும் அரண்மனைப் பணியாளர் ஷாஹக்குக்கும் கலீபாவின் தாய்க்கும் தடையற்ற கை இருந்தது. வீரர்களுக்கோ சம்பளம் வந்தபாடில்லை. 863இல் கர்க்கிலிருந்தும் தூரிலிருந்தும் திரண்டு வந்த வீரர்கள் அரண்மனைக்குள்ளேயே உதாமிஷையும் அவருடைய எழுத்தரையும் கொன்று, அவர் வீட்டைச் சூறையாடினார்கள். அவர்களைத் தூண்டிவிட்டதில் போட்டித் தளபதிகளான வஸீபுக்கும் புகாவுக்கும் பங்கு இருந்தது. எதிரியைக் கீழிருந்து வீரர்களைக் கொண்டு வீழ்த்தலாம் என்று அன்று அவர்கள் காட்டிக்கொடுத்த வழியே நான்கு ஆண்டு கழித்து வஸீபின் வாசலுக்கு வந்தது.

865இன் தொடக்கத்தில் தளபதிகளுக்குள் மூண்ட இன்னொரு கொலையைத் தொடர்ந்து முஸ்தயீன், வஸீபையும் புகாவையும் அழைத்துக்கொண்டு படகேறிப் பாக்தாதுக்கு ஓடினார். சாமர்ராவில் எஞ்சிய துருக்கியர் சிறையில் இருந்த முதவக்கிலின் மகன் முஅதஸை வெளியே கொண்டுவந்து கலீபாவாக்கினார்கள். உறுதிமொழிக்குப் பத்து மாதச் சம்பளம் அன்பளிப்பு என்று அறிவிக்கப்பட்டது. பணத்தை எண்ணிப் பார்த்தபோது அதற்குப் போதாது என்று தெரிந்ததால் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டது. முஸ்தயீன் விட்டுப் போன அரசுக் கருவூலத்தில் 5 லட்சம் தினாரும், அவருடைய தாயின் தனிக் கருவூலத்தில் 10 லட்சம் தினாரும், சிறுவனான மகனின் பெயரில் 6 லட்சம் தினாரும் இருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் தபரி குறித்திருக்கிறார். அரசுக் கருவூலத்தில் இருந்ததைப் போல இரு மடங்கு அரசரின் தாயிடம் இருந்தது என்ற இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான்கு ஆண்டு கழித்து இதே விகிதம் இன்னொரு கலீபாவின் உயிரை வாங்கப் போகிறது.

தொடர்ந்து ஓராண்டு பாக்தாத் முற்றுகை. சுவரும் அகழியும் அமைக்க மட்டும் 3,30,000 தினார் செலவாயிற்று. கவசம் வாங்க வழியற்ற தெருவாசிகள் கீல் பூசிய கோரைப்பாயைக் கேடயமாக ஏந்தி, ஆணி அறைந்த தடியோடும் கவண் கல்லோடும் சுவரில் நின்றார்கள். இந்தப் போரில் சம்பளப் பிரச்சினைக்கு நேரடித் தொடர்புள்ள செய்திகள் இரண்டு. முதலாவது, முஸ்தயீன் மாகாண வரி அதிகாரிகளுக்கு எழுதி, வசூலைச் சாமர்ராவுக்கு அனுப்பாமல் பாக்தாதுக்கு அனுப்பச் சொன்னார். இரு கலீபாக்கள் இருந்த ஓராண்டில், தொலைவில் இருந்த ஆளுநர்கள் யாருக்கும் அனுப்பாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். இரண்டாவது இதைவிடக் கொடியது. துருக்கியரின் குதிரைகளைத் தடுக்க வேண்டி அன்பார், பாதூரயா வட்டங்களில் பாலங்களை இடித்து, வாய்க்கால்களின் கரையை உடைத்து நீரைத் திறந்துவிடப் பாக்தாத் ஆளுநர் முகமது இப்னு அப்துல்லா உத்தரவிட்டார். ஈராக்கின் பாசன வயல்களே பேரரசின் வரி வருவாய்க்கு அடிமடை. படைக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணையே படைக்கு எதிராக வெள்ளத்தில் ஆழ்த்தினார்கள்.

866 ஜனவரியில் முஸ்தயீன் பதவி விலகினார். அதே ஆண்டின் அக்டோபரில் கொல்லப்பட்டார்.

இருபது கோடி என்ற எண்

முஅதஸ் வென்றார், வென்ற கையோடு கணக்குப் பார்க்கப்பட்டது. ஹிஜ்ரி 252க்கு, அதாவது 866ஆம் ஆண்டுக்கு, துருக்கியர், மகாரிபா, ஷாகிரிய்யா (இன்னொரு படைப்பிரிவு) ஆகியோருக்குச் சேர வேண்டிய சம்பளம் 20 கோடி தினார் என்றும், அது நாடு முழுவதின் இரண்டாண்டு நிலவரிக்குச் சமம் என்றும் தபரியில் ஒரு வரி வருகிறது. இந்த வரியை அப்படியே எடுத்தாள்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பேரரசு செழித்திருந்த ஹாரூன் அல்-ரஷீத் காலத்திலேயே ஆண்டு வருவாய் சுமார் 40 கோடி திர்ஹம். ஒரு தினாருக்கு இருபது திர்ஹம் என்று கொண்டால் அது 2 கோடி தினார்தான். 20 கோடி தினார் என்பது அந்தச் செழிப்பான காலத்தின் பத்தாண்டு வருவாய். ஆகவே அது வெள்ளித் திர்ஹமாகவே இருக்க வேண்டும். அப்படியானால் நடுவண் கருவூலத்துக்கு வந்து சேர்ந்த நிலவரி ஆண்டுக்கு 10 கோடி திர்ஹம் அளவுக்குச் சுருங்கியிருந்தது என்றாகிறது. அதாவது ஹாரூன் காலத்தில் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்கு. நாணயத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், படைச் செலவு வரவைப் போல இரு மடங்கு என்ற விகிதத்தை எழுத்தர்கள் கண்டுகொண்டார்கள் என்பதில் ஐயமில்லை. அதற்குப் பிறகு சம்பளம் தவணை தவறியது யாருடைய கஞ்சத்தனத்தாலும் அன்று, கொடுப்பதற்கு இல்லை.

இல்லாதபோது யாருக்கு முதலில் கைவிரிப்பது என்பதில் முஅதஸுக்குத் தயக்கமே இருக்கவில்லை. முற்றுகையில் எதிரணியில் நின்ற பாக்தாத் படையின் சம்பளத்தை அவர் நிறுத்தினார். ஆளுநர் முகமது பணம் கேட்டு எழுதியபோது, இந்தப் படை உமக்காக வேண்டும் என்றால் சம்பளத்தை நீரே கொடும், எமக்காக என்றால் எமக்கு அது தேவையில்லை என்ற பொருளில் பதில் வந்தது. முந்தின ஆண்டு சுவரில் நின்று போரிட்ட அதே வீரர்கள் இப்போது தம் ஆளுநருக்கு எதிராகக் கிளம்பினார்கள். வெள்ளித் தொழுகையில் முஅதஸின் பெயரைச் சொல்லவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். பாலத்தடிக் கடைகளுக்குத் தீ வைத்துத்தான் ஆளுநரால் அவர்களைத் தடுத்து நிறுத்த முடிந்தது.

வஸீபின் மறுமொழி

867 அக்டோபர் இறுதியில் சாமர்ராவிலேயே துருக்கியரும் பெர்கானா, உஷ்ரூசனா வீரர்களும் ஒன்றுசேர்ந்து நான்கு மாதச் சம்பளம் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். வழக்கமாக ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளும் பிரிவினர் இவர்கள். வஸீபும் புகாவும் சுமார் நூறு பேரோடு வெளியே வந்து அவர்களை எதிர்கொண்டார்கள். வீரர்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். வஸீப் சொன்ன விடை, “மண்ணை அள்ளிக்கொள்ளுங்கள், எங்களிடம் பணமா இருக்கிறது?” புகா நிலைமையை உணர்ந்தவர், கலீபாவிடம் கேட்டுச் சொல்கிறோம், அதுவரை அஷ்னாஸ் மாளிகையில் பேசுவோம் என்று அவர்களை அழைத்துச் சென்றார். பிறகு கலீபாவைப் பார்ப்பதாகச் சொல்லி அவர் நகர்ந்துவிட, வஸீப் மட்டும் அங்கே மாட்டிக்கொண்டார். நேரம் கடந்தும் பதில் வராததைக் கண்ட வீரர்கள் அவர் மேல் பாய்ந்து கோடரிகளால் வெட்டினார்கள். தலையைத் துண்டித்து, ரொட்டி சுடும் அடுப்பைக் கிளறும் கோலில் செருகி நிறுத்தினார்கள்.

அந்த அடுப்புக்கோல் தற்செயலாக அகப்பட்டதா, வேண்டுமென்றே எடுத்ததா என்பதை முடிவு செய்ய வழியில்லை; பசித்தவன் கையில் அகப்படக்கூடிய பொருள்தான் அது. வஸீப் முஅதஸிம் காலத்திலேயே படைக்கு வந்தவர், அரசுப் பண்ணைகளால் கொழுத்தவர். பணம் இல்லை என்று அவர் சொன்னதில் கருவூலத்தைப் பொறுத்தவரை பொய்யில்லை. ஆனால் அவரிடமே பணம் இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்படி நம்புவார்கள்? அவர் இறந்த பின் கலீபா செய்தது, அவர் வகித்த பொறுப்புகளைப் புகாவிடம் ஒப்படைத்ததே. நான்கு மாதப் பாக்கி அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு புகாவும் கலீபாவின் உத்தரவால் கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு 10,000 தினார் பரிசு கிடைத்தது. ஒரு தளபதியின் தலைக்கு உடனே பணம் பிறப்பதைப் பாக்கிக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

கபீஹாவின் மறைவறை

869இல் வஸீபின் மகன் ஸாலிஹ் படைத்தலைமைக்கு வந்திருந்தார். சம்பளம் கேட்டு வீரர்கள் நெருக்கியபோது அவர் கையைத் தலைமை எழுத்தர்கள் பக்கம் நீட்டினார்: உலகத்துப் பணத்தையெல்லாம் இவர்களே தின்றுவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அமைச்சர் அஹ்மத் இப்னு இஸ்ராயீல் உட்பட மூவர் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார்கள். இருவர் பின்னர் சவுக்கடியில் மாண்டார்கள். ஆனால் அவர்களிடமிருந்து பிழிந்தெடுத்தது படையைத் தணிக்கப் போதவில்லை.

வீரர்கள் இறுதியில் கலீபாவிடமே பேரம் பேசினார்கள். 50,000 தினார் கொடுத்தால் ஸாலிஹையே தீர்த்துக்கட்டி உமக்கு அமைதி தருகிறோம் என்றார்கள். நான்கு மாதப் பாக்கியில் தொடங்கிய கோரிக்கை, ஒரு மாளிகைச் செலவுக்கும் போதாத அற்பத் தொகைக்கு இறங்கிவந்திருப்பதை இங்கே காணலாம். முஅதஸிடம் அதுவும் இல்லை. தாய் கபீஹாவிடம் ஆளனுப்பினார். பேரழகியான அவருக்குக் கண்ணேறு படாதிருக்க ‘அவலட்சணமானவள்’ என்று பொருள்படும் அந்தப் பெயரை முதவக்கில் இட்டதாகச் சொல்வார்கள். தம்மிடம் ரொக்கம் இல்லை, உண்டியல்கள் (பணம் பெறும் சீட்டுகள்) வர வேண்டியிருக்கின்றன, வந்ததும் தருகிறேன் என்று அவர் மறுமொழி அனுப்பினார்.

869 ஜூலையில் ஆயுதம் ஏந்திய வீரர்கள் அரண்மனை வாயிலில் நின்று கலீபாவை வெளியே வரச் சொன்னார்கள். மருந்து குடித்திருக்கிறேன், பேச இயலாது, அவசரம் என்றால் ஒருவர் மட்டும் உள்ளே வரட்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். உள்ளே புகுந்தவர்கள் அவரைக் காலைப் பிடித்து இழுத்து வந்து, தடியால் அடித்து, முற்றத்துக் கடும் வெயிலில் நிறுத்தினார்கள். கிழிந்த சட்டையில், தோளில் இரத்தக் கறையோடு நின்ற அவர் தரையின் சூடு பொறுக்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னதைத் தபரி பதிந்து வைத்திருக்கிறார். இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயது அப்போது அவருக்கு. பதவி விலகல் பத்திரத்தில் ஒப்பமிடச் செய்து, உணவும் நீரும் இல்லாமல் அடைத்தார்கள்; சில நாள்களில் இறந்தார். உடலில் காயக்குறி இல்லை என்று சாட்சிகள் வைத்துப் பதியப்பட்டது.

கபீஹா தம் அறையிலிருந்து தோண்டி வைத்திருந்த சுரங்க வழியாகத் தப்பிப் பின்னர் பிடிபட்டார். அவருடைய மறைவிடம் ஒன்றின் சுவரை இடித்தபோது ஏறத்தாழ 10 லட்சம் தினாரும், தானியத்தைப் போலப் படியால் அளக்கும் அளவுக்கு மரகதமும் பருமுத்தும் மாணிக்கமும் கிடைத்தன. 50,000 தினாருக்காக மகனைச் சாகக் கொடுத்தாளே, ஒரே ஓர் அறையில் இவ்வளவு இருந்ததே என்று ஸாலிஹே திகைத்துச் சொன்னாராம். தாயின் கல்மனம் என்று இதை எழுதி வைத்த அக்கால ஆசிரியர்களுக்கு அதில் ஒரு சுவை இருந்திருக்கலாம். கணக்குப் பார்ப்பவனுக்கு வேறொன்று தெரிகிறது: அரசு வருவாயில் பெரும்பகுதி நாணயமாக அரண்மனைச் சுவருக்குள் போய் உறைந்துவிட்டது, அதைத் திரும்பச் சம்பளமாக்கும் வழி கொள்ளையைத் தவிர வேறு இல்லை.

கர்க் வீரர்களின் மனு

அடுத்து வந்த முஹ்ததீ (869–870) வேறு மாதிரியான மனிதர். பாடகிகளை அனுப்பிவிட்டார், அரண்மனைச் சிங்கங்களைக் கொல்லச் செய்தார், தம் உணவுச் செலவைக் குறைத்தார், மக்களின் முறையீடுகளைத் தாமே அமர்ந்து கேட்டார். பொதுமக்களிடமும் கீழ்நிலை வீரர்களிடமும் அவருக்கு உண்மையான மதிப்பு இருந்தது. மேலே ஸாலிஹும், ஈரானியப் போர்முனையிலிருந்து படையோடு திரும்பிவிட்ட மூஸா இப்னு புகாவும் (முன்பு கண்ட புகாவின் மகன் அல்லர், அதே பெயருடைய வேறொரு தளபதியின் மகன்) அதிகாரத்துக்கு மோதிக்கொண்டிருந்தார்கள்.

870இன் தொடக்கத்தில், தளபதிகள் கலீபாவைப் பதவியிறக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, கர்க், தூர் குடியிருப்புகளின் வீரர்கள் கலீபாவின் சகோதரர் அபுல் காஸிமை வரவழைத்து அவர் வழியாக ஒரு மனுவைக் கொடுத்தனுப்பினார்கள். சம்பளம் தாமதப்படுகிறது, வாழ்க்கை நொடித்துவிட்டது என்று தொடங்கும் அவர்கள், பாக்கிக்குக் காரணத்தையும் சொல்கிறார்கள். தளபதிகளுக்கு இக்தாவாகக் கொடுக்கப்பட்ட நிலங்கள் அரசுப் பண்ணைகளையும் நிலவரியையும் அழித்துவிட்டன. மேலதிகாரிகளுக்கான கூடுதல் படிகளும், பெண்களின் பெயரிலும் படைக்குச் சம்பந்தமில்லாமல் இடையில் புகுந்தவர்களின் பெயரிலும் எழுதப்பட்ட சம்பளங்களும் வரியின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. இக்தா என்பது ஒரு நிலத்தின் வரி வருவாயை அரசுக்கு வராமல் ஒருவருக்கே எழுதிக்கொடுப்பது. நம் நாட்டில் தில்லி சுல்தான்கள் காலத்தில் அதே பெயரிலும், பின்னர் ஜாகிர் என்ற பெயரிலும் வழங்கிய முறைக்கு மூத்த உறவு.

கலீபா தம் கைப்படப் பரிவாக எழுதிய பதிலை வீரர்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். அவர்களுக்குப் பரிவு போதவில்லை. திரும்ப எழுதினார்கள்: முஸ்தயீன் காலத்து ஒழுங்கின்படி ஒன்பது வீரருக்கு ஒரு அரீஃப் எனும் சிறு குழுத் தலைவர், ஐம்பதுக்கு ஒரு துணைத்தலைவர், நூற்றுக்கு ஒரு தலைவர் என்று இருக்க வேண்டும், பெண்களுக்கான பதிவுகளும் கூடுதல் படிகளும் நீக்கப்பட வேண்டும், படைக்காரர் எவரும் வரிக் குத்தகை எடுக்கக் கூடாது, சம்பளம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும், இக்தாக்கள் ரத்தாக வேண்டும். சிறு நிலக்காரர்கள் வரித் தண்டலுக்கு அஞ்சித் தம் நிலத்தை ஏதோ ஒரு தளபதியின் பெயரில் எழுதிவைத்த பினாமிப் பதிவுகளும் திரும்பப் பெறப்பட வேண்டும். படைத்தலைமை இனி தளபதிகளிடம் வேண்டாம், கலீபாவின் சகோதரர்களில் ஒருவரிடம் இருக்கட்டும். ஸாலிஹும் மூஸாவும் கையில் வைத்திருக்கும் செல்வத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கலீபாவின் தலைமயிர் ஒன்று உதிர்ந்தாலும் இன்னின்ன தளபதிகளைக் கொல்வோம் என்று பெயர்களைப் பட்டியலிட்டும் எழுதினார்கள்.

இதில் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தும் இடம். மாறாக, தம் மனைவியர் பெயரில் இருந்த படித்தொகையையும் இழக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு ஒரு அரீஃப் என்ற விதியையும் வெறும் அணிவகுப்பு ஒழுங்கு என்று கடந்துவிடக் கூடாது. அரீஃப் தம் ஒன்பது பேரையும் முகம் பார்த்து அறிந்தவர். அவர் வழியாகப் பணம் பட்டுவாடா ஆனால் இல்லாத ஆளின் பெயரில் யாரும் சம்பளம் வாங்க முடியாது. பெரிய தளபதியின் வழியாக மொத்தமாக வந்தால் முடியும். இம்மனு காட்டும் பகை துருக்கியருக்கும் அரபியருக்கும் இடையிலானது அன்று. துருக்கிய வீரனுக்கும் துருக்கியத் தளபதிக்கும் இடையிலானது. நமக்குக் கிடைத்துள்ள வரலாறுகள் பெரும்பாலும் எழுத்தர் வகுப்பின் பார்வையில் எழுதப்பட்டவை. அவர்களுக்கு எல்லாத் துருக்கியரும் ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனாலும் இந்த மனுவை மூடி மறைக்காமல் முழுமையாகத் தந்திருக்கிறார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கோரிக்கைகள் அனைத்தையும் ஏற்றுக் கலீபா ஆணைகள் பிறப்பித்தார். ஆணை பிறந்தது, நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு வர ஆளில்லை. இக்தா வைத்திருந்தவர்களின் கையில்தான் வாளும் இருந்தது. சில வாரங்களில் மூஸாவின் ஆள்கள் ஸாலிஹைக் கண்டுபிடித்துக் கொன்றார்கள். அதோடு தளபதிகளின் பிளவு மறைந்து, வீரர்கள் இடையில் நுழைய இருந்த சந்தும் அடைபட்டது. முஹ்ததீ பாயக்பாக் என்ற தளபதியை மூஸாவுக்கு எதிராகப் பயன்படுத்தப் பார்க்க, அவர் விஷயத்தை மூஸாவிடமே சொல்லிவிட்டார். கலீபா பாயக்பாக்கைக் கொன்று தலையை வெளியே எறியச் செய்தார். 870 ஜூனில் நடந்த மோதலில் கலீபாவின் பக்கம் நின்ற துருக்கியர் பாயக்பாக்கின் சகோதரரோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கழுத்தில் குர்ஆனைத் தொங்கவிட்டுக்கொண்டு, உங்கள் கலீபாவுக்கு உதவுங்கள் என்று தெருவில் கூவிச் சென்ற முஹ்ததீக்கு மக்கள் யாரும் கதவு திறக்கவில்லை. பிடிபட்டபின் பதவி விலக மறுத்தார், கொல்லப்பட்டார்.

பின்னர்

முஅதமித் (870–892) பெயரளவில் கலீபாவாக இருக்க, அவருடைய சகோதரர் முவஃபக் படைத்தலைமையை ஏற்றார். மனுவில் கேட்ட ஒன்று மட்டும், கேட்டவர்கள் நினைத்திராத வழியில் நிறைவேறியது. படையை ஒருமுகப்படுத்த முவஃபக்குக்கு ஒரு போர் வாய்த்தது: 869இல் பாஸ்ரா அருகே உப்பு நிலங்களில் வேலை செய்த ஸஞ்சு எனப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் எழுச்சி 883 வரை நீடித்தது. அவ்வெழுச்சி ஈராக்கின் தென்பகுதி வரியை அடியோடு நிறுத்தியது. பாயக்பாக்கின் பிரதிநிதியாக 868இல் எகிப்துக்குப் போன அஹ்மத் இப்னு தூலூன் அங்கேயே வேரூன்றி அந்த வருவாயைக் கொண்டு தமக்கென ஒரு படையைக் கட்டினார். 892இல் தலைநகர் மீண்டும் பாக்தாத் ஆயிற்று. ஆற்றோரம் 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த சாமர்ரா மண்மேடாகத் தொடங்கியது.

கர்க் வீரர்கள் ஒழிக்கச் சொன்ன இக்தா ஒழியவில்லை. 945இல் பாக்தாதைக் கைப்பற்றிய ஈரானியப் புவைஹி வம்ச மன்னர் முயிஸ்ஸுத் தவ்லாவிடம் அவருடைய தைலமி வீரர்கள் சம்பளம் கேட்டுக் கலகம் செய்தபோது, கொடுக்க ரொக்கம் இல்லாத அவர் அரசுப் பண்ணைகளையும், தலைமறைவானவர்களின் நிலங்களையும், குடிகளின் உரிமைகளையும் தளபதிகளுக்கும் வீரர்களுக்கும் இக்தாவாகப் பங்கிட்டுக் கொடுத்தார். பெரும்பகுதி நிலத்துக்கு அரசு வரி வசூலிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனதால், அவ்வளவு காலம் கணக்கெழுதிக்கொண்டிருந்த திவான் அலுவலகங்கள் பல மூடப்பட்டன.